இரட்டைச் சாக்கெட் மதர்போர்டில் இரு வேறு ஜியான் செயலிகள்: 2670-உடன் 2620 சேருமா?

நிழல்கணி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இரண்டு சாக்கெட் கொண்ட பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. எல்ஜிஏ 2011 வகை. முதல் சாக்கெட்டில் இன்டெல் ஜியான் இ5-2670 இருக்கிறது, இரண்டாவது காலி. மதர்போர்டில் 16 நினைவகத் துளைகள் உள்ளன. அவற்றில் 8 மட்டுமே வேலை செய்கின்றன. மீதி 8-இல் எந்த நினைவகத்தைச் செருகினாலும் கணினி அதைக் காண்பதில்லை. இரண்டாவது சாக்கெட்டை ஒட்டிய இரண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் துளைகளும் அப்படித்தான். கையேட்டைப் படித்த பிறகுதான், அவை இரண்டாம் செயலியோடு நேரடியாக இணைக்கப்பட்டவை என்று புரிந்தது.

வேறொரு சர்வரிலிருந்து கழற்றிய இ5-2620 ஒன்று சும்மா கிடக்கிறது. அதே சாக்கெட், அதே தலைமுறை. இரண்டுமே வி2 என்ற அடுத்த தலைமுறை வருவதற்கு முந்தையவை. அதை இரண்டாவது சாக்கெட்டில் பொருத்தினால் அந்த எட்டுத் துளைகளும் உயிர் பெறும் அல்லவா? வேகம் எனக்கு இரண்டாம்பட்சம். முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வதும், சில மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதும்தான் என் வேலை.

மூன்று கேள்விகள். பொருத்தினால் எதுவும் எரிந்துபோகுமா? கணினி துவங்குமா? துவங்கினால் எந்த வேகத்தில் ஓடும்?

---

ஒற்றைக்கோர்

பொருத்தாதீர்கள். இன்னொரு 2670 வாங்குங்கள். இந்தக் கேள்வி பலமுறை வந்துவிட்டது, விடையும் ஒன்றுதான்.

---

நிழல்கணி

வாங்குவதில் தயக்கம் இல்லை. ஆனால் ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். சாக்கெட் ஒன்று, தலைமுறை ஒன்று. எது தடுக்கிறது?

---

செம்புக்கம்பி

நியாயமான கேள்வி. "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த முறை எது கூடும் என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் உங்கள் அச்சம். எரியாது. இத்தகைய மதர்போர்டுகளில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி மின்னழுத்தச் சீராக்கி உண்டு. தனக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதைச் செயலியே அதனிடம் கேட்டுப் பெறுகிறது. 115 வாட் 2670-உம் 95 வாட் 2620-உம் ஒரே மதர்போர்டில் இருப்பதால் ஒன்றுக்கு உரிய மின்னழுத்தம் மற்றதற்குப் போய்விடாது.

இனி இரண்டாவது கேள்வி. இரண்டு செயலிகள் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கணினி துவங்கும்போது பயாஸ், அதாவது மதர்போர்டின் துவக்க மென்பொருள், சோதிக்கிறது. எல்லா வேறுபாடுகளும் அதற்குச் சமமல்ல. செயலிக் குடும்பமோ மாடல் எண்ணோ (2670 போன்ற விற்பனை எண் அல்ல, சில்லுக்குள் பதிந்திருக்கும் எண்) வேறானால் அங்கேயே நின்றுவிடும். கோர்களின் (செயலிக்குள் உள்ள தனித்தனிக் கணிப்பு அலகுகள்) எண்ணிக்கை வேறானாலும், கேஷ் (செயலிக்குள் உள்ள விரைவு நினைவகம்) அளவு வேறானாலும் அப்படியே. இன்டெல் தன் சொந்த சர்வர் மதர்போர்டுகளின் கையேடுகளில் இவற்றைத் துவக்கத்தை நிறுத்தும் பிழைகளாகவே பட்டியலிட்டிருக்கிறது. வேகத்தின் கதை வேறு. கடிகார வேகமோ, இரு செயலிகளையும் இணைக்கும் கியூபிஐ பாதையின் வேகமோ வேறானால், இரண்டும் எட்டக்கூடிய அதிகபட்சப் பொது வேகத்துக்கு இரண்டையும் இறக்கிவிட்டு பயாஸ் தொடரும். ஸ்டெப்பிங் மட்டும் வேறாக இருந்தால், அதாவது அதே சில்லின் திருத்தப்பட்ட பதிப்பாக இருந்தால், ஏற்றுக்கொள்ளும்.

இப்போது உங்கள் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 2670-இல் 8 கோர், 20 மெகாபைட் கேஷ், 2.6 கிகாஹெர்ட்ஸ், கியூபிஐ 8.0. 2620-இல் 6 கோர், 15 மெகாபைட், 2.0 கிகாஹெர்ட்ஸ், கியூபிஐ 7.2. குடும்பமும் மாடல் எண்ணும் ஒன்றே. ஆனால் கோர் எண்ணிக்கையும் கேஷ் அளவும் இடிக்கின்றன. பெரும்பாலான மதர்போர்டுகள் இங்கேயே நின்றுவிடும்.

கண்டிப்புக் குறைந்த பயாஸ் ஒன்று அனுமதித்தது என்றே வைத்துக்கொள்வோம். 2620-இன் நினைவகக் கட்டுப்படுத்தியில் நினைவகத்தின் வேகம் 1333-க்கு மேல் போகாது. உங்கள் 2670-இன் நினைவகம் இப்போது 1600-இல் ஓடுகிறது. அதுவும் கீழே இறங்கும். கோர்களின் வேகம் 2.0-க்கு இறங்கினால் மொத்தம் 14 கோர் × 2.0 = 28. இப்போது தனியாக இருக்கும்போதே 8 × 2.6 = 20.8. இரண்டு 2670 இருந்தால் 41.6. இது மிகவும் தோராயமான கணக்கு, டர்போவை (தேவைப்படும்போது வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் வசதி) சேர்க்கவில்லை. டர்போவைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்: 2670 ஒரே கோரில் ஓடும் வேலையில் 3.3 வரை ஏறும், 2620-இன் உச்சமே 2.5. ரெண்டர் சற்று விரைவாக முடியலாம், ஆனால் காட்சியைத் திருத்தும் நேரத்தில், ஒரே கோரை நம்பியிருக்கும் வேலைகளில், கணினி முன்பைவிட மந்தமாகத் தோன்றும்.

---

மூன்றாம்இழை

2670-இல் இரண்டு கோர்களை பயாஸிலேயே அணைத்துவிட்டால் 6-உம் 6-உம் சமமாகிவிடாதா? என் மதர்போர்டில் அந்த வசதி இருக்கிறது.

---

செம்புக்கம்பி

கோர்களை அணைத்தாலும் கேஷ் 20 மெகாபைட்டாகவே இருக்கும். அந்த வேறுபாடு தீராது. மேலும், பல பயாஸ்கள் ஒப்பிடுவது செயலியில் உள்ள கோர்களையே, நீங்கள் இயக்கிவிட்டவற்றை அல்ல. நல்ல செயலியை முடமாக்கி மற்றதோடு சமமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

பழையபலகை

இதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன். நான் பென்டியம் 3 காலத்திலேயே கலந்து ஓட்டியவன். 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட இரட்டை மதர்போர்டு. ஒன்றில் 700 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 850. இரண்டுக்கும் மதர்போர்டோடு பேசும் பாதையின் (பஸ்) வேகம் 100, இரண்டுக்கும் 256 கிலோபைட் கேஷ். அந்த வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற பெருக்கெண் செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்ததால் ஒன்று ஏழு மடங்கிலும் மற்றது எட்டரை மடங்கிலும் தன் போக்கில் ஓடின. லினக்ஸ் துவங்கியது, இரண்டு செயலிகளையும் காட்டியது, நிரல்களை இரண்டிலும் தொகுத்தேன். யாரும் தடுக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வலையமைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையை ஓட்டினால் சில வேளைகளில், நேரம் பின்னோக்கிப் போய்விட்டது என்று எச்சரிக்கும். பல நாள் வலையமைப்பு அட்டையைச் சந்தேகித்தேன். அட்டையை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். பிறகுதான் தெரிந்தது: செயலியின் துடிப்புகளை எண்ணும் டிஎஸ்சி எண்ணியைக் கொண்டு கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நேரத்தைக் கணக்கிட்டது. இரண்டு செயலிகளிலும் அந்த எண்ணி இரு வேறு வேகத்தில் ஓடியது. பிங் நிரல் ஒரு செயலியில் தொடங்கி மற்றதற்கு மாறும்போது கடிகாரமே மாறிவிட்டது. டிஎஸ்சியை நம்பாதே என்று கெர்னலுக்குத் துவக்கத்திலேயே ஓர் அளபுரு கொடுத்தேன். தொல்லை தீர்ந்தது.

ஆகவே, முடியும். என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் போதும்.

---

மூன்றாம்இழை

பழையபலகை ஐயா சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு எனக்கு ஏற்பில்லை.

உங்கள் கணினி துவங்கியது, ஓடியது. ஆனாலும் தவறாகவே ஓடியது. அந்தத் தவறு செயலியில் தெரியவில்லை, வலையமைப்பில் தெரிந்தது. கலப்புச் செயலிகளின் உண்மையான ஆபத்து இதுதான். துவங்காத கணினியால் யாருக்கும் தீங்கில்லை. துவங்கி, மூன்று வாரம் ஓடி, நான்காவது வாரம் சம்பந்தமே இல்லாத இடத்தில் தடுமாறும் கணினிதான் நாட்களைத் தின்றுவிடும்.

எல்லாக் கோர்களும் ஒன்றே என்ற நம்பிக்கையின் மீதுதான் இயங்குதளமும் நிரல்களும் எழுதப்பட்டுள்ளன. ஒரு நிரல் துவங்கும்போது, சிபியுஐடி கட்டளை மூலம் "இந்தச் செயலிக்கு என்னென்ன ஆணைகள் தெரியும்?" என்று ஒருமுறை கேட்கிறது. விடையைக் குறித்துக்கொள்கிறது. மறுபடி கேட்பதில்லை. இதற்கிடையில் இயங்குதளம் அந்த நிரலை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு நொடிக்குப் பலமுறை மாற்றக்கூடும்.

அடுத்த தலைமுறைகளில் ஓர் எடுத்துக்காட்டு: இ5-2600 வி3-உம் வி4-உம். ஒரே சாக்கெட், பயாஸைப் புதுப்பித்தால் ஒரே மதர்போர்டு இரண்டையும் ஏற்கும். வி3 என்பது ஹாஸ்வெல், மாடல் 63. வி4 என்பது பிராட்வெல், மாடல் 79. பெரிய எண்களைக் கூட்டுவதற்கான ஏடிஎக்ஸ் ஆணைகள் பிராட்வெல்லில் புதிதாக வந்தவை. மறைகுறியாக்க நூலகங்கள் அவற்றை ஆவலோடு பயன்படுத்துகின்றன. ஒரு வி3-யையும் ஒரு வி4-யையும் சேர்த்துவிட்டீர்கள், பயாஸும் எப்படியோ விட்டுவிட்டது என்று கற்பனை செய்யுங்கள். நிரல் வி4-இல் விழித்தது. ஏடிஎக்ஸ் உண்டு என்று குறித்துக்கொண்டது. சற்று நேரத்தில் வி3-க்கு மாற்றப்பட்டது. அடுத்த ஏடிஎக்ஸ் ஆணையில் "அறியாத ஆணை" என்று செயலி மறுக்க, நிரல் அங்கேயே சாகிறது. அது வி3-இல் விழித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதனால்தான் இந்தப் பிழை ஒரு நாள் வரும், மறுநாள் வராது.

லினக்ஸ் கெர்னல் இதில் கவனமாகவே இருக்கிறது. ஒவ்வொரு செயலியும் விழிக்கும்போது அதன் திறன்களை ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றை மட்டும் தன் பட்டியலில் வைக்கிறது. ஆனால் பல நிரல்கள் கெர்னலைக் கேட்பதில்லை, செயலியையே நேரடியாகக் கேட்கின்றன. விண்டோஸில் இதற்கென்றே ஒரு நீலத்திரைப் பிழை உண்டு. பதினாறின் அடிமானத்தில் அதன் எண் 3ஈ. பல செயலிகள் உள்ளன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று சமச்சீராக இல்லை என்பதே அதன் பொருள்.

---

வெப்பப்பசை

மூன்றாம்இழை சொல்வதற்குக் கைப்பேசி உலகிலிருந்து ஒரு சான்று. எக்ஸினோஸ் 8890 சில்லில் பெரிய கோர்களும் சிறிய கோர்களும் கலந்திருந்தன. பெரியவற்றின் கேஷ் வரி (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 128 பைட், சிறியவற்றுக்கு 64. நிரல்களை ஓட்டும் மோனோ என்ற இயக்கச் சூழல் கேஷ் வரியின் அளவை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளும். பெரிய கோரில் 128 என்று கேட்டுக்கொண்டு சிறிய கோரில் கேஷைத் துடைத்தால், ஒரு வரி விட்டு ஒரு வரிதான் துடைக்கப்படும். நிரல்கள் காரணமே இல்லாமல் செத்தன. 2016-இல் அதைக் கண்டுபிடித்தவர்களின் பொறுமையை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இன்னொன்று. 2021-இல் வந்த இன்டெல் ஆல்டர் லேக்கில் இரு வகைக் கோர்கள். பெரியவற்றுக்கு ஏவிஎக்ஸ்-512 என்ற ஆணைத் தொகுப்பு தெரியும், சிறியவற்றுக்குத் தெரியாது. இன்டெல் என்ன செய்தது? பெரியவற்றிலும் அதை அணைத்துவிட்டது. சில்லைச் செய்தவர்களே கலப்பில் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள்.

---

பழையபலகை

இந்த இரண்டு சான்றுகளையும் ஏற்றுக்கொள்கிறேன். என் பென்டியம்களில் ஆணைத் தொகுப்பு ஒன்றாகவே இருந்தது, வேகம் மட்டும் வேறு. அதனால்தான் நேரத்தோடு தொல்லை நின்றது. தலைமுறைகளைக் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் 2660-ஐயும் 2670-ஐயும் கலந்தால்? இரண்டும் 8 கோர், 20 மெகாபைட், கியூபிஐ 8.0. வேகம் மட்டும் 2.2-உம் 2.6-உம்.

---

செம்புக்கம்பி

அது பெரும்பாலும் ஓடும். பயாஸ் இரண்டையும் 2.2-க்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். தற்காலிகத் தேவைக்கு, மாற்றுச் செயலி வரும்வரை, நானே அதைச் செய்வேன்.

அப்போதும் டிஎஸ்சியைப் பாருங்கள். நெஹலம் காலத்திலிருந்து அந்த எண்ணி செயலியின் அடிப்படை வேகத்தில் மாறாமல் ஓடுகிறது. டர்போ ஏறினாலும் உறங்கினாலும் மாறாது. ஆனால் அடிப்படை வேகமே வேறானால்? பயாஸ் அதைச் சமன் செய்யாவிட்டால் ஒன்று நொடிக்கு 220 கோடி எண்ணும், மற்றது 260 கோடி எண்ணும். லினக்ஸ் துவக்கத்தில் இதைச் சோதித்து, பொருந்தாவிட்டால் டிஎஸ்சி நிலையற்றது என்று குறித்துவிட்டு, செயலிக் கோர்களுக்கு வெளியே உள்ள ஹெச்பிஇடி கடிகாரத்துக்கு மாறும். பழையபலகை கையால் செய்ததை இன்று கெர்னலே செய்கிறது. நேரம் சரியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை நேரம் கேட்கவும் கெர்னலுக்குள் போய்வர வேண்டும். தரவுத்தளம் போன்ற, ஓயாமல் நேரம் கேட்கும் நிரல்களில் அந்தச் சுமை தெரியும்.

---

கடைசிவரிசை

இடையில் ஒரு சிறு கேள்வி. இ5-1650 இரண்டு மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒன்றேதான். இரட்டை மதர்போர்டில் போடலாமா?

---

ஒற்றைக்கோர்

முடியாது. எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் ஒரு சாக்கெட், 2 என்றால் இரண்டு, 4 என்றால் நான்கு. 1650 தனியாக மட்டுமே ஓடும். இன்னொரு செயலியோடு பேசும் பாதை அதற்கு இல்லை. ஏஎம்டியின் சர்வர் செயலியான எபிக்கில் பெயரின் இறுதியில் பி என்று இருந்தால் அதுவும் ஒற்றைச் சாக்கெட்டுக்கு மட்டுமே. எபிக்கில் கலப்பு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்: இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். 7001 வரிசையும் 7002 வரிசையும் ஒரே சாக்கெட்டில் உட்காரும் என்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

---

நிழல்கணி

எல்லோருக்கும் மிக்க நன்றி. 2620-ஐ ஒதுக்கிவிட்டு இன்னொரு 2670 வாங்கிவிட்டேன். ஆனால் வந்ததைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. என் பழைய செயலியின் மூடியில் எஸ்ஆர்0ஹெச்8 என்று பொறித்திருக்கிறது. புதிதில் எஸ்ஆர்0கேஎக்ஸ். மறுபடியும் கலப்பா? திருப்பி அனுப்ப வேண்டுமா?

---

செம்புக்கம்பி

அனுப்ப வேண்டாம். முதலாவது சி1 ஸ்டெப்பிங், இரண்டாவது சி2. லினக்ஸில் செயலி விவரத்தைப் பார்த்தால் ஒன்றுக்கு 6 என்றும் மற்றதற்கு 7 என்றும் தெரியும். நான் முதலில் சொன்ன, ஏற்றுக்கொள்ளப்படும் வேறுபாடு இதுதான். குடும்பம், மாடல், கோர், கேஷ், வேகம் எல்லாம் ஒன்று.

இரண்டு விஷயங்களை மட்டும் செய்யுங்கள். முதலில், செயலியைப் பொருத்துவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள். இரண்டு ஸ்டெப்பிங்குக்கும் தனித்தனி மைக்ரோகோட் (செயலியின் உள் திருத்த நிரல்) உண்டு. பயாஸில் இரண்டும் இருக்க வேண்டும். அடுத்து, பழைய ஸ்டெப்பிங்கான சி1-ஐ முதல் சாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். துவக்கும் செயலி இரண்டில் பழையதாக இருந்தால், இயங்குதளம் குறைந்த திறனை அடிப்படையாகக் கொண்டு தொடங்கும். இது நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம்.

---

வெப்பப்பசை

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. எல்ஜிஏ 2011-இல் ஊசிகள் செயலியில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. காலிச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றியதும் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வளைந்த ஊசி இருந்தால் அதன் பளபளப்பு மட்டும் வேறாகத் தெரியும். ஒரு நினைவகத் தடம் (செயலியையும் நினைவகத்தையும் இணைக்கும் தனிப் பாதை) மட்டும் காணாமல் போனால் பெரும்பாலும் காரணம் அங்கேதான். மின்வழங்கியிலிருந்து இரண்டாம் செயலிக்கு உரிய 8 ஊசிச் செருகி தனியாக இருக்கும், அதை மறக்க வேண்டாம். நினைவகத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் நான்கு தடங்கள், தடத்துக்கு ஒன்றாவது வேண்டும். எல்லாவற்றையும் முதல் செயலியின் பக்கமே விட்டுவிட்டால், இரண்டாவது ஒவ்வொரு பைட்டுக்கும் கியூபிஐ பாதையைக் கடந்து போய்வர வேண்டியிருக்கும்.

---

நிழல்கணி

பொருத்திவிட்டேன். முதல் முயற்சியில் இரண்டாம் செயலியின் ஒரு தடம் தெரியவில்லை. வெப்பப்பசை சொன்னபடி கழற்றிப் பார்த்தேன். ஊசிகள் எல்லாம் நேராக இருந்தன; ஆனால் ஹீட்சிங்கை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கியிருந்தேன். மூலைக்கு மூலை மாற்றி, சமமாக இறுக்கியதும் தடம் வந்துவிட்டது.

16 துளைகளும் வேலை செய்கின்றன. இரண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் துளைகளும் உயிர் பெற்றுவிட்டன. கெர்னலின் கடிகார மூலம் டிஎஸ்சியாகவே இருக்கிறது. நிலையற்றது என்ற எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒரே காட்சியை முன்னும் பின்னும் ரெண்டர் செய்தேன்: 52 நிமிடம் எடுத்தது இப்போது 28 நிமிடத்தில் முடிகிறது.

ஒரு கேள்வி மட்டும் மீதம். மெய்நிகர் கணினி ஒன்றுக்கு 10 கோர் கொடுத்தபோது, 8 கோர் கொடுத்ததைவிட மெதுவாக ஓடுகிறது. இதுவும் இரட்டைச் செயலியின் குணமா?

---

மூன்றாம்இழை

ஆம். 10 கோர் என்றால் அது இரண்டு செயலிகளிலும் பரவிவிடுகிறது, அதன் நினைவகமும் இரு பக்கமும் சிதறுகிறது. 8-க்குள் வைத்து, கோர்களையும் நினைவகத்தையும் ஒரே நியூமா முனையில், அதாவது ஒரு செயலியும் அதனோடு நேரடியாக இணைந்த நினைவகமும் சேர்ந்த தொகுதியில், கட்டிவிடுங்கள். அந்த மெய்நிகர் கணினிக்கு வரைகலை அட்டை கொடுத்திருந்தால், அட்டை எந்தச் செயலியின் துளையில் இருக்கிறதோ அந்த முனையையே தேர்ந்தெடுங்கள்.

---

நிழல்கணி

அட்டை இரண்டாவது செயலியின் பக்கம் இருந்தது, மெய்நிகர் கணினி முதல் செயலியில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே முனைக்கு மாற்றிவிட்டேன். சரியாகிவிட்டது.